பெட்டிக்குப் பெய்த மழை

பாளங்கரையில் அந்த வருடத்து மழை ஐகோர்ட்டுதுரையின் டீக்கடைக்குள் பெய்தது. வெளியே ஒரு துளி கிடையாது. ரோட்டில் தார் இளகிக் கிடந்தது, அளங்களில் உப்பு பூத்துக் கண்ணைக் கூச வைத்தது, வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. கடைக்குள்ளே, டிவிக்குக் கீழே, பெஞ்சில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தவர்களின் தலையில் மட்டும் புளியங்கொட்டைப் பருமனில் துளிகள் சடசடவென்று விழுந்தன. அண்ணாந்து பார்த்தார்கள். காங்கிரீட் தளத்தில் ஒரு கீறல்கூட இல்லை, சுண்ணாம்பு காய்ந்தபடியே இருந்தது, அதற்கு ஒரு முழம் கீழேயிருந்து மழை பெய்துகொண்டிருந்தது. ஐகோர்ட்டுதுரை பால் சட்டியை மூடினார், தினசரியை மடித்துக் கக்கத்தில் வைத்தார், நனைந்துபோன முறுக்கைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், அப்புறம் பின்பக்கம் போய் ஒரு காலிக் குடத்தை எடுத்துவந்து டிவிக்கு நேர் கீழே வைத்தார். ஊர் அதை ஏற்றுக்கொள்ள அவ்வளவு நேரம்தான் பிடித்தது.

அதே நேரத்தில் பஸ் ஸ்டாண்டு லாட்ஜின் முன்னறையில் பெய்தது, கல்யாண மண்டபத்தில் பெய்தது, ரேஷன் கடையில் கோதுமை மூட்டைகளின் மேல் பெய்தது, நூலகத்தில் வேலைவாய்ப்புச் செய்தி படித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் பெய்தது. ஊர்ப் பையன் லிகோரி கொடுத்த கறுப்புப் பெட்டி எங்கெல்லாம் டிவியோடு சேர்த்து மாட்டப்பட்டிருந்ததோ அங்கெல்லாம் பெய்தது. ஒரே ஒரு இடத்தில் பெய்யவில்லை. மேட்டுத்தெருவில் பலவேசத்தின் சலூனில் பெட்டி இருந்தது, டிவியும் ஓடியது, மழை மட்டும் இல்லை. அது ஏன் என்று ஊரில் ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் சவரிராயன்.

சவரிராயனை ஊர் கேபிள்காரர் என்று கூப்பிட்டது. கேபிள் போய் வெகுகாலம் ஆன பிறகும் அப்படித்தான் கூப்பிட்டது. அது அவருக்கு, செத்துப்போன பிள்ளையின் பேரைச் சொல்லித் தகப்பனைக் கூப்பிடுவதுபோலக் கேட்கும். வாலிபத்தில் தோளில் கறுப்பு வயர்ச் சுருளை மாட்டிக்கொண்டு பனையிலும் போஸ்ட்டு மரத்திலும் மொட்டை மாடியிலும் ஏறி இறங்கி, ஊரின் தலைக்குமேல் ஒரு வலையைப் பின்னியவர் அவர். படம் தெரியவில்லை என்றால் கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்துகூட எழுப்பிக் கூட்டிப்போவார்கள். அவர் பெண்டாட்டி மிக்கேலம்மாளின் தம்பி லிகோரி, அவர் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன பையன், சென்னைக்குப் போய்ப் படித்து, ஒரு நாள் சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தான். டிவியின் பின்னால் அதைச் சொருகினால் போதும், வயர் வேண்டாம், வைஃபையில் உலகத்துப் படமெல்லாம் வரும். வீடுகளுக்குக் கொடுக்க மாட்டான். கடை, லாட்ஜ், மண்டபம் என்று நாலு பேர் கூடுகிற இடங்களுக்கு மட்டும். வீடுகள் செல்போனில் பார்த்துக்கொண்டன. ஊர் அவர் வயரை அறுத்தது.

அறுத்தவர்கள் எல்லோரும் சுருட்டிக் குப்பையில் போட்டார்கள். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பலவேசம் மட்டும் போடவில்லை. சலூன் வாசலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் அந்தக் கறுப்பு வயரை விறைப்பாக இழுத்துக் கட்டி, சவரத் துண்டுகளைத் துவைத்து அதில் காயப்போட்டார். சவரிராயன் ஆபீசுக்குப் போகிற வழி அது. காலையிலும் மாலையிலும், அவர் ரத்தம் சிந்திப் பின்னிய வலையின் மிச்சத்தில், ஊர்க்காரர்களின் தாடி மயிர் ஒட்டிய வெள்ளைத் துண்டுகள் வரிசையாகத் தொங்கி அவருக்குக் கையசைத்தன. பலவேசத்துக்கு அதில் வஞ்சம் எதுவும் கிடையாது. நல்ல வயர், வீணாகப் போகிறதே என்று கட்டினார். வஞ்சம் இல்லாமல் செய்ததுதான் சவரிராயனுக்கு ஆறவேயில்லை.

ஆபீஸ் என்றது லிகோரியின் ஆபீஸ். அக்காள் புருஷன் வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பது தனக்குக் கேவலம் என்று லிகோரி அவரைக் கூப்பிட்டு ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தான். அதற்கும் சவரிராயன் மனதில் ஒரு கணக்கு இருந்தது. அது வேறு கதை.

"இது ரொம்ப லேசு அத்தான்," என்றான் லிகோரி. "ஊர்ல உள்ள நம்ம பெட்டி எல்லாம் இந்த ஸ்கிரீன்ல இருக்கு. கடை கடையா ஏறி இறங்க வேண்டாம். பெட்டியளக் குரூப்பு குரூப்பாப் பிரிச்சு வச்சிக்கிடணும். எந்த ஆப்பு எந்தக் குரூப்புக்குப் போகணும்னு ஒரு டிக். அதுவே போயி உக்காந்துக்கிடும்."

"யாரு பாக்கான்னு எப்படித் தெரியும்?"

"அது நமக்கு வேண்டாம். இது பொதுப் பெட்டி. ஆளுக்குக் கிடையாது, பெட்டிக்குத்தான். இன்னைக்கு இங்க இருக்கும், நாளைக்கு வேற எங்கயாவது தூக்கி வைப்போம். ஆளு மாறும், இடம் மாறும். பெட்டிக்குக் கொடுத்தது பெட்டியோட போகும்."

"ஒரு கடைக்கு மட்டும் வேண்டாம்னா?"

"இந்தா, விலக்குன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. அதுல போட்டுட்டாப் போச்சு. ஒரே பெட்டி சேக்கிறதுலயும் இருந்து விலக்குறதுலயும் இருந்தா, விலக்குறதுதான் ஜெயிக்கும்."

சவரிராயன் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"விலக்குறதுதான் ஜெயிக்கும் அத்தான்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குடும்பத்து வாயிலிருந்து அவர் கேட்ட நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

அன்றைக்கே அவர் ஒரு குரூப் உண்டாக்கினார். அதற்கு 'துண்டு' என்று பெயர் வைத்தார். அதில் ஒரே ஒரு பெட்டியைப் போட்டார். அதற்கப்புறம் ஊருக்கெல்லாம் கிரிக்கெட் போனால் துண்டுக்குப் போகாது, ஊருக்கெல்லாம் பாட்டுப் போனால் துண்டுக்குப் போகாது. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் 'உறுதியாகவா?' என்று கேட்கும். அவர் உறுதியாகத்தான் இருந்தார். "அண்ணாச்சி, மேட்ச் வரலியே?" என்று பலவேசம் வழியில் கேட்டால், "சிக்னல் இல்ல," என்பார். அவ்வளவுதான் அவருடைய வஞ்சம். சிறிய வஞ்சம், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிற அளவு.

பிறகு உப்பள முதலாளிகள் வந்து, மழை வருகிற நேரம் முன்கூட்டித் தெரிந்தால் பாத்தி உப்பைக் காப்பாற்றலாம், அதற்கு ஒரு ஆப் இருக்கிறதாமே, ஊரெல்லாம் தெரிகிற மாதிரிப் போட்டுவிடு என்று லிகோரியிடம் சொன்னார்கள். எந்த நாட்டிலோ யாரோ செய்தது, சின்ன மேகப் படம் போட்டது. சவரிராயன் எல்லாக் குரூப்புக்கும் டிக் போட்டார், வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி நினைக்காமலேயே துண்டுக்கு விலக்குப் போட்டார், உறுதியாகவா என்றது, ஆம் என்றார். மேகம் மற்ற எல்லாப் பெட்டிக்கும் போய் உட்கார்ந்தது. பெய்தது.

ஏன் பெய்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. தண்ணீர் லாரி நினைத்தபோது வந்து நினைத்தபோது போகிற ஊரில், கிணற்றில் கயிறு போட்டால் உப்புக் கரிக்கிற ஊரில், வந்த தண்ணீரிடம் நீ எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. கலெக்டர் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, லாட்ஜில் குடை பிடித்துக்கொண்டு நின்று, கட்டடக் கசிவு என்று எழுதிக்கொண்டு, ஒரு கேனில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனார். பங்குச் சாமியார் உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டு, குடிப்பதில் பாவம் இல்லை என்றார். உப்பள முதலாளிகளுக்குத்தான் பெரிய சந்தோஷம். பாத்தியில் படாமல் பெய்கிற மழையை அவர்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

எல்லா டிவிக்கும் பாலித்தீன் தாள் சுற்றினார்கள். தரையைக் கொத்திச் சரிவு எடுத்து வாசல் பக்கம் வாய்க்கால் விட்டார்கள். டீக்கடையில் குடை வாடகைக்குக் கிடைத்தது, குடை வேண்டாதவர்கள் டீயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு குடித்தார்கள், டீ குறையவே இல்லை என்று ஐகோர்ட்டுதுரையைக் கேலி செய்தார்கள். லாட்ஜில் தங்க வந்தவர்கள் முன்னறையிலேயே துண்டைக் கட்டிக்கொண்டு குளிக்கத் தொடங்கியதால், இங்கே சோப்புப் போடக் கூடாது என்று மேனேஜர் போர்டு எழுதி மாட்டினார். ரேஷன் கடையில் கோதுமை முளைத்து முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது, அதை யார் பேருக்கு எழுதுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். நூலகத்தில் தவளை வந்தது. கல்யாண மண்டபத்தில் மணவறையை டிவிக்கு நேராகப் போடச் சொல்லிச் சண்டை போட்டார்கள், நனைந்த ஜோடிதான் நல்லபடியாக வாழும் என்று ஒரு நம்பிக்கை எப்படியோ கிளம்பிவிட்டது, ஐயர் மட்டும் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மந்திரம் சொன்னார். சத்தத்தைக் கூட்டினால் மழை வலுக்கும் என்று சிலர் சொன்னார்கள்; அது பொய், ஆனாலும் எல்லோரும் சத்தத்தைக் கூட்டியே வைத்தார்கள். சாயங்காலம் அளத்து வேலை முடிந்து வருகிற பெண்கள், கால் வெடிப்பில் உப்பு உறைந்தபடி நேராக டீக்கடைக்குள் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மழையில் நின்று, கால் வெளுக்கும்வரை நின்று, வீட்டுக்குப் போனார்கள்.

மழை பெய்கிற ஊருக்கு லாரி எதற்கு என்று தண்ணீர் லாரி நின்றுபோனது, குடங்கள் வந்தன. குடங்கள் வந்தால் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. மண்டை உடைந்த பிறகு ஐகோர்ட்டுதுரையின் கடையில் ஊர் கூடி ஒரு வழக்கத்தை உண்டாக்கியது: பெட்டி இருக்கிற தெரு தன் பெட்டியில்தான் பிடிக்க வேண்டும், பெட்டி இல்லாத தெருக்களுக்கு டீக்கடையில் வரிசை. சவரிராயனின் ஓடைத்தெருவுக்குப் பெட்டி இல்லை, அதனால் வரிசையில் இடம் இருந்தது. மேட்டுத்தெருவுக்குப் பெட்டி இருந்தது.

"எங்க பெட்டியில பெய்யலியே," என்றார்கள் மேட்டுத்தெருக்காரர்கள்.

"பெட்டி இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"பெறகென்ன?"

மேட்டுத்தெரு எப்போதும் வரிசையின் கடைசியில் நின்ற தெருதான், வரிசையிலேயே இல்லாமல் போனதில் ஊருக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சவரிராயன் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆபீசுக்குப் போய் ஒரு டிக்கை எடுத்திருக்கலாம். டீயைக் குடித்து முடித்தார்.

பலவேசம் ஆபீசுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, எங்க மேல ஏதாச்சும் வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம்."

"இல்ல, இருந்தாச் சொல்லிருங்க. கால்ல விழச் சொன்னாலும் விழுந்துருவேன். எந்தக் காலுன்னு தெரியணும்லா?"

"சிக்னல் இல்லப்பா. மேல இருந்து வரல."

"ஊரு பூரா மேல இருந்துதான வருது அண்ணாச்சி. எங்களுக்கு மட்டும் மேல ஆளு இல்லையா?"

சவரிராயன் ஜன்னல் வழியாகச் சலூன் வாசலைப் பார்த்தார். அந்த வயர் சும்மா தொங்கியது. துவைக்கத் தண்ணீர் இல்லாததால் துண்டு இல்லை. பல நாளுக்குப் பிறகு நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்த மாதிரி இருந்தது. இந்த மனுஷனுக்கு அதுவாகத் தெரிய வேண்டும் என்றுதான் அவர் காத்திருந்தார். சொல்லித் தெரிவதாக இருந்தால், இத்தனை வருடம் எதற்கு மென்று முழுங்கியது?

"லிகோரிகிட்டச் சொல்லி வைக்கேன்," என்றார். சொல்லவில்லை.

மிக்கேலம்மாள் அப்போது படுத்துவிட்டாள். இடுப்பு போனது, பிறகு கால் போனது, பிறகு உடம்பெல்லாம் எரிகிறது என்றாள். பாவாடை கட்டின வயதிலிருந்து அளத்தில் உப்பு வாரியவள். டாக்டர் ஊசி போட்டுவிட்டு வெளியே வந்து சவரிராயனிடம் மெதுவாகப் பேசினார், அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"டீக்கடையில பெய்யுதாம்லா," என்றாள் அவள் கட்டிலில் கிடந்தபடி.

"பெய்யுது."

"மழை வந்தா அன்னைக்கு வேலை கெட்டுது. ஆயுசு பூரா மழையத் திட்டியே தீத்தேன். மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி, தாயே மழை மட்டும் வேண்டாம்னு கேட்டவ நான். ஒரு தடவை, வேலை போச்சேன்னு நெனைக்காம நனையணும். மல்லாக்கப் படுத்துக்கிட்டு நனையணும்."

"நான் தூக்கிட்டுப் போறேன், வா."

"நல்லாருக்கே. ஆம்பளைய டீ குடிச்சிக்கிட்டுப் பாக்க, நான் சேலை ஒட்ட நனையணுமாக்கும்? கட்டிலுக்குக் கொண்டாங்க. கேபிள்காரர் பொண்டாட்டின்னு பேரு. ஒரு மழைக்குக்கூடவா வழியில்ல?"

சவரிராயன் லிகோரியிடம் போனார். அதுவரை அவனிடம் எதையும் கேட்டதில்லை. லிகோரி தலையைத் தடவிக்கொண்டான்.

"வீட்டுக்குப் பெட்டி கொடுக்கிறதில்ல அத்தான். பொது இடத்துக்குன்னுதான் பேச்சு. அக்காவுக்குன்னு கொடுத்தா நாளைக்கு ஊர்ல உள்ள எல்லா அக்காவும் வந்து நிப்பா."

"உன்னைத் தூக்கி வளத்தவலே அவ."

"அதான் சொல்லுதேன், என்னையச் சங்கடப்படுத்தாதீங்க."

அந்தப் பேச்சையும் சவரிராயன் கொண்டுபோய் மற்றவற்றோடு வைத்தார்.

பலவேசம் ஒரு நாள் கடையைப் பூட்டினார். தண்ணீர் இல்லாமல் சவரம் எங்கே நடக்கும்? துவைக்காத துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ள எவன் வருவான்? மகள் வாழ்க்கைப்பட்ட ஊருக்குக் குடும்பத்தோடு போகிறேன் என்று சொல்லி, பெட்டியை ஒப்படைக்க ஆபீசுக்கு வந்தார். பெட்டியோடு ஒரு கறுப்பு வயர்ச் சுருளும் இருந்தது, அழகாகச் சுற்றி, நடுவில் முடிச்சுப் போட்டு.

"இது ஒங்க வயரு அண்ணாச்சி. அறுத்த அன்னைக்கே கொண்டாந்து கொடுத்திருக்கணும். துண்டு காயப்போடக் கட்டுனேன், அப்படியே மறந்துட்டேன். நல்ல வயரு. எங்கயும் கீறல் விடல, தெனம் தொடைப்பேன்."

சவரிராயன் சுருளை வாங்கினார். இத்தனை வருடம் அவர் காத்திருந்த நாள் அதுதான். பலவேசம் எதையும் தெரிந்துகொள்ளாமலேயே, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, படி இறங்கிப் போனார்.

மிக்கேலம்மாள் கஞ்சியும் இறங்காமல் கிடந்த ஒரு காலையில் லிகோரி வந்து அக்காளைப் பார்த்தான். பார்த்துவிட்டு வாசலில் நின்று அழுதான். பிறகு ஆபீசுக்குப் போய் அலமாரியிலிருந்த ஒரே பெட்டியை எடுத்து அத்தான் கையில் கொடுத்தான். "பலவேசம் கடையில இருந்ததுதான். சும்மாதான கெடக்கு. கொண்டு போங்க. யாரும் கேட்டா நான் பேசிக்கிடுதேன்."

சவரிராயன் அதை மறைத்துக் கொண்டுபோயிருக்கலாம். அவருக்கு மனம் வரவில்லை. வயரெல்லாம் அறுபட்டுக் கிடந்த தெருவின் நடுவில், கேபிள்காரர் திரும்பவும் ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று தெரிய வேண்டும். "ஏட்டி, இனிமே டீக்கடையில போயி நிக்க வேண்டாம். குடத்த எடுத்துட்டு நம்ம வீட்டுக்கு வாங்க. ஓடைத்தெருவுக்கு மழை வந்தாச்சு," என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். பெண்கள் குடங்களோடு வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். கட்டிலைச் சுற்றிப் பாத்திரம் வைத்தார்கள். ஒருத்தி மிக்கேலம்மாளின் தலையை அவிழ்த்து எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

பெட்டியில் குறை இல்லை என்று அவருக்குத் தெரியும். குறை தன் விரலில்தான் இருந்தது. ஆபீசுக்கு ஓடிப்போய், துண்டு குரூப்பைத் திறந்து, பெட்டியை வெளியே எடுத்தார். உறுதியாகவா என்றது. ஆம். மழையைப் பெட்டிக்கு அனுப்பினார். திரும்ப ஓடிவந்து டிவியைப் போட்டார். ஸ்கிரீனில் மேகம் வந்தது. சாம்பல் நிறத்தில் வந்தது. அதன் கீழே, 'காத்திருக்கிறது' என்று எழுதியிருந்தது.

காத்திருந்தார்கள். மிக்கேலம்மாள் கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கி வைத்திருந்தாள். மதியம் தாண்டியது. ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள், பிறகு இன்னொருத்தி. சவரிராயன் லிகோரிக்குப் போன் போட்டார்.

"அந்த ஆப்பக் கம்பெனிக்காரன் எடுத்துட்டானே அத்தான்," என்றான் லிகோரி. "ஒங்களுக்குத் தெரியாதா? செஞ்ச கம்பெனி மூடிட்டுப் போயாச்சு. ஏற்கெனவே உள்ள பெட்டியில அது பாட்டுக்கு இருக்கும். புதுசா எந்தப் பெட்டிக்கும் போகாது."

"போகாதா?"

"போகாது. ஆனா அந்தப் பெட்டியில முந்தியே இருக்குமே? எல்லாப் பெட்டிக்கும்தான நீங்க போட்டீங்க?"

சவரிராயன் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். ஒருமுறை டிக் எடுத்திருந்தால், மேட்டுத்தெருக்காரர்கள் வந்த அன்றைக்கு எடுத்திருந்தால், பலவேசம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்ற அன்றைக்கு எடுத்திருந்தால், இந்தப் பெட்டிக்குள் மழை இருந்திருக்கும், அது பெட்டியோடு அவர் வீட்டுக்கு வந்திருக்கும்.

"அத்தான்? லைன்ல இருக்கீங்களா?"

மிக்கேலம்மாள் கண்ணைத் திறந்தாள். "பரவால்ல," என்றாள். "டீக்கடைக்கே தூக்கிட்டுப் போங்க. பாக்கிறவன் பாத்துட்டுப் போறான்."

தூக்கினார். வற்றலாகக் காய்ந்திருந்தாள், பாரமே இல்லை. டீக்கடை வாசலில் ஓடைத்தெருப் பெண்களே நின்றிருந்தார்கள், வெறும் குடங்களோடு. வரிசைக்காரர்கள் அவர்களை உள்ளே விடவில்லை.

"கேபிள்காரரே, ஒங்க தெருவுக்குத்தான் பெட்டி வந்தாச்சே," என்றாள் வரிசையில் முன்னால் நின்ற ஒருத்தி. "ஊர்கோலம்லா விட்டீரு."

"பெய்யல."

"பெட்டி இருக்கா, இல்லையா?"

அவர் வாயைத் திறந்தார். இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது.

"ஏ, சும்மா கெடங்க," என்று ஐகோர்ட்டுதுரை கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "சாகப்போற உசுரு. நீங்க வாங்க மதினி, இந்தப் பெஞ்சுல படுங்க. ஏல, எல்லாரும் வெளிய போங்கலே, ஒரு பய இங்க நிக்கப்படாது." பிறகு பெட்டியைப் பற்றி யோசித்துக்கொண்டே சொன்னார்: "பலவேசம் பெட்டிதான அது? அது ராசியில்லாத பெட்டி. மொத நாள்லேருந்தே பெய்யல. பாவம், இந்த வாசல்ல நின்னு எப்படிக் கெஞ்சுனான். சிக்னல் இல்லன்னு இவருதான் சொன்னாரு."

மிக்கேலம்மாளின் கை புருஷனின் கழுத்தைச் சுற்றி இருந்தது. மழை ஒரு எட்டுத் தூரத்தில் பெய்துகொண்டிருந்தது, சாரல் அவள் பாதத்தில் பட்டது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த வயரைப் பற்றி, அந்தத் துண்டுகளைப் பற்றி, சோறு போடும்போதும் பாய் விரிக்கும்போதும் அவர் புலம்பியதை இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"பலவேசத்துக்கு ஏன் பெய்யல?" என்றாள்.

அவர் பிடியை மாற்றி அவளை இன்னும் மேலே தூக்கிக்கொண்டார்.

"அவன் வீட்டுல அப்ப கைப்பிள்ளை இருந்துச்சு."

"மிக்கேலு, உள்ள போவோம். இந்தா, ஒரு எட்டு."

"திருப்பித் தூக்குங்க."

"ஒரே ஒரு தடவை நனைஞ்சிட்டு…"

"எனக்கு வேண்டாம். வீட்டுக்குத் தூக்குங்க."

திரும்பினார். அவர் பின்னால் வரிசை மறுபடியும் சேர்ந்துகொண்டது.

வீட்டில் அவளைக் கட்டிலில் கிடத்தினார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சவரிராயன் மூலையில் கொண்டுவந்து போட்டிருந்த வயர்ச் சுருளை எடுத்து, பலவேசம் போட்ட முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, கட்டிலுக்கு மேலே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக இழுத்துக் கட்டினார். கிணற்றில் வாளி போட்டு இறைத்து, ஒரு துண்டை முக்கிப் பிழியாமல் கொண்டுவந்து வயரில் போட்டார். அது சொட்டியது. நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, உதட்டில் ஒன்று.

அவள் நாக்கை நீட்டி உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"உப்புக் கரிக்குது," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

அவளைப் புதைத்த மறுநாள் சவரிராயன் ஆபீசுக்குப் போனார். வழியில் டீக்கடையில் நல்ல மழை. லாட்ஜில் யாரோ பாடிக்கொண்டே குளித்தார்கள். பூட்டிய சலூனின் முன்னால் இரண்டு கம்பங்கள் மட்டும் நின்றன. கம்ப்யூட்டரைப் போட்டார். துண்டு குரூப் காலியாக இருந்தது. தன் வீட்டுப் பெட்டியைத் தேடி எடுத்து அதற்குள் போட்டார். ஊரில் இருந்த ஒவ்வொரு ஆப்புக்கும், பாட்டுக்கும் கிரிக்கெட்டுக்கும் செபமாலைக்கும், இனிமேல் வரப்போகாத மழைக்கும், ஒவ்வொன்றாக விலக்குப் போட்டார்.

உறுதியாகவா என்றது.

சவரிராயன் முதல் தடவையாக அந்த வார்த்தையைக் கூர்ந்து படித்தார். பிறகு அமுக்கினார்.